திருநீறு போட்டுத் துடைத்த கண்ணாடி



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றதும் கவிதைதான் எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் வத்தலக்குண்டு. கொடைக்கானல் பஸ் மலையேறுவதற்கு முன் நின்று போகிற ஊர். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். ஃபேன் ஓடாவிட்டாலும் மிக்ஸி சுத்தாவிட்டாலும், "தம்பி வரட்டும், அவன் மெக்கானிக்கல் படிக்கிறான்ல" என்பார் அம்மா. அந்தப் பேச்சு என் தலைக்குள் நன்றாகவே ஏறியிருந்தது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். என்னைப் படிக்க வைத்ததில் பாதிப் பங்கு அவருக்கு. ஒன்பதாவது படிக்கும்போது எங்களைக் கொடைக்கானல் வானாய்வகத்துக்குக் கூட்டிப் போனார். 1899-ல் தொடங்கியது அது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது அங்கேதான். சென்னைக்கு 1850-ல் வாங்கிய ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று, அங்கே நூறு வருஷத்துக்கு மேல் சூரியனைப் படம் எடுக்க உதவியிருக்கிறது. "பழசுங்கிறதால கருவி கெடாதுடா. கைதான் கெடுக்கும்" என்றார் சார். அப்போது எனக்குப் புரியவில்லை.

சாரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய நாலரை அங்குலத் தொலைநோக்கி ஒன்று உண்டு. போன செமஸ்டர் லீவில் அதை என்னிடம் கொடுத்து, "உங்க அப்பாவுக்குச் சனி வளையத்தைக் காட்டு" என்றார். குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் இருந்த கண்ணாடியில் ஒரே தூசி. மெக்கானிக்கல்காரன் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் சும்மா இருப்பானா? கழற்றிவிட்டேன்.

சரஸ்வதி பூஜைக்கு அம்மா பீரோ கண்ணாடியைத் திருநீறு போட்டுப் பேப்பரால் தேய்ப்பார். பளிச்சென்று ஆகிவிடும். நானும் அப்படியே தேய்த்தேன். திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்... வட்ட வட்டமாகக் கீறல்! ஓரிடத்தில் பூச்சே போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் விரல் தெரிந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

வீட்டுக் கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம். முன்னால் உள்ள கண்ணாடியே அதைக் காப்பாற்றும். தொலைநோக்கிக் கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு முன்பக்கம். கனம் சுமார் 100 நானோமீட்டர். அதாவது தலைமுடியின் கனத்தில் பல நூற்றில் ஒரு பங்கு. அதன் மேல் சாம்பலைப் போட்டுத் தேய்ப்பது எமரித் தாள் போட்ட மாதிரி. ஒர்க்‌ஷாப்பில் சர்ஃபேஸ் ஃபினிஷ் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்!

மாட்டிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன். ராத்திரி அப்பா சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். சொன்னேன். திட்டவில்லை. "வெத்தலையில விரல் அழுந்துனா, கட்டுக்குள்ள போயிக் கறுத்துரும்யா. நகம் மட்டும்தான் படணும். தொடுறதுக்கே ஒரு படிப்பு இருக்கு" என்றார். பிறகு, "எவ்வளவு ஆகும்னு ஐயாகிட்டக் கேளு. வாரக்கூலியில கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்துரலாம்" என்றார். அதுதான் எனக்கு அடி மாதிரி இருந்தது.

மறுநாள் சாரிடம் போய் நின்றேன். கண்ணாடியை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "கொஞ்சம் தூசி இருந்தா ஒண்ணும் ஆகாது, விட்டுரணும். ரொம்பப் படிஞ்சா ஊதிட்டு, தண்ணி ஓட விட்டுக் கழுவணும். அப்பவும் போகலைன்னா டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு சொட்டு சோப்பு விட்டு, ஈரப் பஞ்சை அதோட எடையிலயே இழுக்கணும். அழுத்தவே கூடாது. காவலூர்ல இருக்கிற 2.34 மீட்டர் கண்ணாடிக்கே பூச்சு மங்கும். பழசை எடுத்துட்டு வெற்றிடத்துல புதுசு பூசுவாங்க. இதுக்கும் பூசலாம்." பணத்தைப் பற்றிக் கேட்டேன். "நீ வேலைக்குப் போனதும் பூசிக் கொடு" என்றார்.

அன்று சாயங்காலம் இரண்டு பேருமாகக் கண்ணாடியை மாட்டி நேராக்கினோம். இருட்டியதும் அப்பா குனிந்து பார்த்தார். வானத்தில் கீறல் எதுவும் தெரியவில்லை! குழாயின் நடுவில் சின்னக் கண்ணாடி ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதுவே படத்தில் தெரிவதில்லையே. மிச்சமுள்ள பரப்பு முழுப் படத்தையும் தந்துவிடும். ஆனால் கீறலில் சிதறிய வெளிச்சம் சனியைச் சுற்றிப் புகை மாதிரி நின்றது. அப்பா, "வளையம் தெரியுதுய்யா!" என்று சிரித்தார். எனக்கு அந்தப் புகைதான் தெரிந்தது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். 'அவனுக்கு எல்லாம் தெரியும்' என்று வீட்டில் சொல்வார்கள். அதை நாமும் நம்பிவிடக் கூடாது. தெரியாததைத் தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்போம். கெடுத்துவிட்டால் போய்ச் சொல்வோம்.

என் முதல் சம்பளத்தில் ஒரு கண்ணாடிக்குப் பூச்சுக் கடன் இருக்கிறது.