தவலையில் ஒரு புள்ளி

புனே கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்றொரு சந்து இருக்கிறது. மராத்தியில் 'தாம்பட்' என்றால் செம்புக் கொல்லர், 'ஆளி' என்றால் சந்து. உள்ளே நுழைவதற்கு முன்பே சுத்தியல் சத்தம் காதை அடைக்கும். வாசலிலேயே செம்புத் தகடுகளும், வெந்நீர் போடும் 'பம்ப்' அடுப்புகளும், பாதி அடித்த பாத்திரங்களும் அடுக்கியிருக்கும்.

அங்கே நான் தொழில் கற்கப் போகவில்லை. அம்மாவின் தவலையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கல்யாணச் சீராகக் கும்பகோணத்திலிருந்து அவளோடு புனே வந்த செப்புத் தவலை அது. வயிற்றுப் பகுதியில் பாத்திரக் கடைக்காரர் உளியால் வெட்டிய அவள் பெயர். சமையலறையில் அவள் வழுக்கி விழுந்த அன்று கையில் இருந்ததும் அதுதான். இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று வாரத்தில் போய்விட்டாள். பெயர் முடியும் இடத்தை ஒட்டித் தவலையும் உள்வாங்கி நசுங்கியிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ரயிலேறிப் போன பிறகு, ராஸ்தா பேட்டை வீட்டில் நானும் தவலையும்தான் மிச்சம். காலம் ஆற்றிவிடும் என்றார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். பதில் சொல்ல எனக்குத்தான் தெம்பில்லை. அன்று அலுவலகத்திலிருந்து அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பியிருந்தால் அவள் தவலையைத் தூக்கியிருக்க மாட்டாள். இரவெல்லாம் அந்த அரை மணி நேரத்தையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் தவலையைத் தொடவில்லை. ஒருநாள் எட்டிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

பட்டறைப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். "என்ன ஆயிற்று, தாயி?" என்றார். தாயி என்றால் மராத்தியில் அக்கா. காய்கறிக்காரர், ஆட்டோக்காரர் எல்லோரும் பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சொல்தான். அன்று மட்டும் அது என் காதில் தமிழாக விழுந்தது.

களிம்பை எடுத்துவிடலாம், நசுங்கலையும் எடுத்தாக வேண்டும் என்றார். மடிப்பில் செம்பு மெலிந்திருக்கிறதாம், விட்டால் ஓட்டை விழுமாம். நசுங்கல் அப்படியே இருக்கட்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தவலையைத் திருப்பிக் கொடுத்து, "அப்படியானால் அலமாரியில் வை. தண்ணீர் ஊற்றாதே" என்றார்.

எழுந்து போக மனமில்லாமல் ஓரமாக உட்கார்ந்தேன். நான்கு பட்டறைகளின் சுத்தியல்கள் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தன. அம்மா போன பிறகு முதன்முறையாக வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். மூன்றாவது சனிக்கிழமை, கற்றுத் தருவீர்களா காகா என்று பெரியவரிடம் கேட்டேன். "கை வீங்கும்" என்று மட்டும் சொல்லி, உள்ளங்கை அகலத் தகடு ஒன்றைத் தூக்கிப் போட்டார்.

முதல் பாடம் சுத்தியலின் முகம். அது கண்ணாடிபோல் இருக்க வேண்டும். நான் முதல் நாளே கை தவறிக் கல்தரையில் போட்டுவிட்டேன். முகத்தில் எறும்பு அளவுக்கு ஒரு வடு. கவனிக்காமல் அடித்துக்கொண்டே போனேன். தகடு முழுக்க அதே வடு, நூறு எறும்புகள் ஊர்ந்ததுபோல. காகா தகட்டை வாங்கிப் பார்த்தார், சுத்தியலைத் திருப்பிப் பார்த்தார், உப்புத்தாளை நீட்டினார். அந்தச் சனிக்கிழமை முழுவதும் தேய்த்தேன். தகட்டைத் தொட விடவில்லை.

இரண்டாவது பாடம் சத்தம். தகட்டுக்கு அடியில் பட்டடை ஒட்டியிருந்தால் அடி 'டங்' என்று விழும், கையில் வலியே தெரியாது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் 'டப்' என்று பொத்தலான ஓசை. அதிர்ச்சி மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஏறும். ஆறு வாரம் எனக்குக் கேட்டதெல்லாம் 'டப்'தான். திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் வேலையை அடித்துக்கொண்டே "இல்லை" என்பார் காகா. அத்தனை இரைச்சலிலும் என் ஒரு தவறான அடி அவருக்குத் தனியாகக் கேட்டது. அங்கே யாரும் என்னிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை. கை எப்படி விழுகிறது என்று மட்டும் பார்த்தார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

மூன்றாவது பாடத்தில்தான் பெரிதாகத் தோற்றேன். செம்பு அடிக்க அடிக்க இறுகும். முதலில் களிமண்போல் அடியை வாங்கிக்கொள்ளும். போகப் போக சுத்தியல் துள்ளி எழும்பும், ஓசையும் கூர்மையாகும். அப்போது நிறுத்தி, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, ஆற வைத்தால் மறுபடி இளகும். இது எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் ஒரு கிண்ணத்தை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அடித்தேன். சுத்தியல் துள்ளியதை என் உள்ளங்கை உணர்ந்தது. நான் நிறுத்தவில்லை. விளிம்பிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு வெடித்துவிட்டது.

இரண்டு மாத உழைப்பு. காகா வெடிப்பின்மேல் விரலை ஓட்டி, "நிறுத்தத் தெரியவில்லையே, தாயி" என்றார். கிண்ணத்தைத்தான் சொன்னார். எனக்கு அந்த அரை மணி நேரம் நினைவுக்கு வந்தது. மாதக்கணக்கில் இரவுதோறும் நான் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு அந்த நினைப்பு எழுந்தபோது விளக்கைப் போட்டேன், தண்ணீர் குடித்தேன், அம்மா கும்பகோணத்தைப் பற்றிச் சொன்ன கதை ஒன்றை நினைத்துக்கொண்டேன். விடியும் முன் எப்படியோ தூங்கிவிட்டேன். எல்லா இரவும் அப்படி அமையவில்லை. சில இரவுகள் அமைந்தன.

அதன் பிறகு 'மடார்காம்' தொடங்கினேன். பாத்திரம் முழுக்கச் சின்னச் சின்ன வட்டமாக அடி பதிக்கும் வேலை. அழகுக்காக என்று நினைத்திருந்தேன். செம்பை இறுக்கி உரமேற்றுவதும் அதுதான். என் அடிகள் பிறை பிறையாக, நகக்குறிபோல விழுந்தன. சுத்தியல் சாய்கிறது என்று பொருள். காகா பின்னால் வந்து என் முழங்கையை விலாவோடு அழுத்திப் பிடித்தார். "கை போகக் கூடாது. பாத்திரம்தான் வர வேண்டும்." சுத்தியல் ஒரே இடத்தில் விழ, இடது கை பாத்திரத்தை இம்மியளவு திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மாலை, வெளிச்சம் மங்கும் நேரத்தில், இருபது முப்பது அடிகள் வட்டம் வட்டமாக வரிசையில் விழுந்தன. காகா ஒன்றும் சொல்லவில்லை. "இல்லை" என்றும் சொல்லவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனேன்.

தேநீர் வேளையில் அவர் தெருவின் கதையைச் சொல்வார். பேஷ்வாக்கள் காலத்தில் கொங்கணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அவர் முன்னோர். 1732-இல் எழுந்த சனிவார் வாடா அங்கிருந்து நடந்துபோகும் தூரம்தான். பீரங்கியும் நாணயமும் செய்த கைகள் அவை. 1818-இல் பேஷ்வா ஆட்சி முடிந்தது. யாருக்காகத் தட்டினார்களோ அவர்கள் இல்லாமல் போனார்கள். தெரு அண்டாவும் குடமும் தட்டத் தொடங்கியது. அதைக் கேட்ட வாரம்தான் தவலையை மறுபடி எடுத்துப் போனேன்.

"நீயே எடு" என்றார் காகா.

பட்டடையின் நீண்ட கையைத் தவலையின் வாய் வழியே உள்ளே செலுத்தி, நசுங்கலின் அடியில் நிறுத்த வேண்டும். பிறகு வெளியிலிருந்து நசுங்கலின் கரையைச் சுற்றிச் சுற்றிக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். மரம் என்பதால் செம்பில் காயம் படாது. ஆனால் மெதுவாகத்தான் எழும்பும். ஒரு மணி நேரத்தில் பள்ளம் பாதியாயிற்று. கடைசி மடிப்பு மட்டும் அசையவில்லை. பொறுமையிழந்து இரும்புச் சுத்தியலை எடுத்தேன். மூன்றே அடி. மடிப்பு எழும்பியது. பெயரின் கடைசி எழுத்தான 'ம்' தலையில் இருந்த புள்ளி அழிந்துபோயிருந்தது.

கை நடுங்கியது. தவலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். வழவழவென்று, ஒன்றுமே இருந்ததில்லை என்பதுபோல. அவளுடையதென்று மிச்சமிருந்ததில் ஒரு துளியை என் அவசரம் தின்றுவிட்டது.

காகாவுக்குத் தமிழ் தெரியாது. என்ன எழுத்து என்று கேட்டார். எங்கள் மொழியில் மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி உண்டு, புள்ளி போனால் அதில் உயிர் சேர்ந்துவிடும், அதற்கு உயிர்மெய் என்று பெயர் என்று மராத்தியில் தட்டுத் தடுமாறி விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் நான் சொல்வது எனக்கே கேட்டது. அவர் சின்ன உளியை எடுத்து நீட்டினார். ஒரு தட்டு தட்டினால் புள்ளி திரும்ப வந்துவிடும். கொஞ்ச நேரம் உளியைக் கையில் வைத்திருந்தேன். பிறகு திருப்பிக் கொடுத்தேன்.

தவலை இப்போது அடுப்பங்கரையில், அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. இரவில் தண்ணீர் நிரப்பி வைக்கிறேன். வாரம் ஒருமுறை புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கிறேன். தேய்க்கும்போது விரல் அவள் பெயரின்மேல் ஓடும். கடைசி எழுத்து வாயை மூடாமல் நீண்டுகொண்டே போகிறது.