கட்டுமாவடிக்குப் போன கடிதம்

காப்பீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தபோது நாங்கள் இருவரும் முதலில் நினைத்துக்கொண்டது காஃப்காவைத்தான். சிற்றிதழ் வாசகர்களுக்கே உரிய அசட்டுப் பெருமை அது. பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908இல் சேர்ந்த காஃப்கா, நோயின் காரணமாக 1922இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் 1916இலிருந்து 1955இல் மறையும் வரை ஹார்ட்ஃபோர்டில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றினார்; இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிப்பதே அவர் வேலை. அந்த வரிசையில் நமக்கும் ஒரு நாற்காலி என்ற எண்ணத்தோடு 2006 ஜூலையில் புதுக்கோட்டையில் ஓர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தின் 'கிளெய்ம்' பிரிவுக்குள் நுழைந்தோம். ஒரே கல்லூரி, ஒரே வாடகை அறை, இப்போது ஒரே மேசையின் இரு பக்கங்கள். ஆகவே இங்கு 'நாங்கள்' என்று எழுதுவதே பொருத்தம். செய்த பிழையும் இருவருடையதுதான்.

முதல் மாதங்களில் நாங்கள் கற்றது ஒருவகை வாசிப்பு. இறப்புச் சான்று, அசல் பாலிசி, நாமினியின் விண்ணப்பம், மருத்துவரின் சான்று என ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும், அல்லது காரணம் காட்டி மறுக்க வேண்டும் என்பது அப்போது நடைமுறையில் இருந்த 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவை மனப்பாடம் செய்தோம். 2015இல் அது திருத்தப்பட்டபின், மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியை நிறுவனம் எந்தக் காரணத்தாலும் கேள்விக்கு உட்படுத்த இயலாது. அந்நாளில் அந்த வரம்பு இரண்டு ஆண்டு. அதன் பிறகும் மோசடியை நிரூபித்தால் மறுக்கலாம் என்றிருந்தது. சந்தேகப்படுவதுதான் தொழில் என்று நினைத்திருந்தோம். எதைச் சந்தேகிக்கக் கூடாது என்பதையும் சட்டம் எழுதி வைத்திருப்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

டிசம்பர் இறுதியில் கட்டுமாவடியிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. மாவட்டக் கடற்கரையின் வடகோடியில், தஞ்சை மாவட்ட எல்லையை ஒட்டிய ஊர் அது. நவம்பரில் ஒருநாள் இரவு தனியே தொழிலுக்குப் போன மீனவர் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய வல்லம் மட்டும் தெற்கே கரை ஒதுங்கியது. காவல் நிலையத்தில் 'காணவில்லை' என்று பதிவு செய்த ரசீதை மனைவி இணைத்திருந்தார். இறப்புச் சான்று இல்லை. உடல் கிடைக்காமல் அதை யார் தருவார்கள்?

எங்கள் பதில் தயாராகவே இருந்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 108ஆம் பிரிவு: ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம். மாதிரிக் கடிதத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினோம். கோரிக்கையைத் தற்போது ஏற்பதற்கில்லை. உரிய நீதிமன்ற ஆணையுடன் பின்னர் அணுகவும். சட்டப்படி அதில் ஒரு பிழையும் இல்லை.

ஜனவரி 23 அன்று, பிரிவில் மூத்தவரான ஒருவர் அந்தக் கோப்பைப் புரட்டிவிட்டு, "பிரீமியத்தைப் பத்தி என்ன எழுதினீங்க?" என்று கேட்டார். ஒன்றும் எழுதவில்லை. காணாமல் போனவரின் பெயரில் அடுத்த தவணையை யார் கட்டுவார்கள், எதற்குக் கட்டுவார்கள் என்று நாங்கள் யோசித்திருக்கவே இல்லை.

அவர் விளக்கினார். ஏழு ஆண்டுகள் கடந்தால் மரணம் நிகழ்ந்தது என்று மட்டுமே சட்டம் ஊகிக்கும்; எந்த நாளில் நிகழ்ந்தது என்பதை ஊகிக்காது. 2004இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. காணாமல் போன நாளிலேயே இறந்ததாகக் கொள்ள முடியாது. நீதிமன்றம் தீர்மானிக்கும்வரை பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். நடுவில் பிரீமியம் நின்றால் பாலிசி காலாவதி ஆகிவிடும். அதைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் 'நான் நலமாக இருக்கிறேன்' என்று காப்பீடு செய்தவரே கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

தவணை நாள் டிசம்பர் 28. முப்பது நாள் சலுகை ஜனவரி 27இல் முடிகிறது. நடுவில் குடியரசு நாள் விடுமுறை வேறு. மறுநாள் காலை அறந்தாங்கி வழியாகப் பேருந்து ஏறினோம்.

கட்டுமாவடியில் ஏலம் முடிந்து, தரையெல்லாம் செதிலும் ஐஸ் தண்ணீருமாகக் கிடந்தது. கடல் ஒரு பெரிய கண்மாயைப்போல அசைவற்றிருந்தது. இந்தக் கடல் ஓர் ஆளை விழுங்கியது என்று நம்புவதே கடினமாயிருந்தது. வீட்டில் அவருடைய தாயார் அதை நம்பவும் இல்லை. "வேற போட்டுக்காரவுக தூக்கியிருப்பாக. அக்கரையில புடிச்சு வச்சிருப்பாக" என்றார். பாக் நீரிணைக் கரையில் அது வெறும் பேராசையன்று. அப்படிப் போய்த் திரும்பி வந்தவர்கள் பல ஊர்களிலும் இருந்தார்கள்.

அந்த அக்கா எங்கள் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். அதை வாசித்துச் சொல்ல ஊரில் ஆள் தேடியிருக்கிறார். 'பணம் கிடையாதாம்' என்ற அளவில் பொருள் சொல்லப்பட்டிருந்தது. பாலிசியை விட்டுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தார்.

பிரீமியம் கட்ட வேண்டும் என்று சொன்னோம். வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு கேட்டார்: "தம்பி, அவுக இல்லைன்னு எழுதிக் குடுத்தாத்தான் பணம்னு மொதல்ல சொன்னாக. இப்ப அவுக இருக்காகன்னு நான் பணம் கட்டணுமாக்கும்?"

அவர் கழுத்தில் தாலி இருந்தது. எங்களிடம் பதில் இல்லை. கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும், முதல்முறையாகத் தமிழில், திரும்பத் திரும்பச் சொன்னோம். மறுநாள், 25ஆம் தேதி, வியாபாரியிடம் கடன் வாங்கிய 1,400 ரூபாயோடு புதுக்கோட்டைக்கு வந்து கட்டிவிட்டுப் போனார்.

அதன்பின் காலாண்டுக்கு ஒரு முறை வந்தார். நண்டு உரிக்கும் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம். 2014 ஆகஸ்டில் நீதிமன்றத் தீர்ப்பு கிடைத்தபோது அவரிடம் 31 ரசீதுகள் இருந்தன. கூட்டினால் 43,400 ரூபாய். காப்பீட்டுத் தொகையும் போனஸும் கிடைத்தன. விபத்துக்கான கூடுதல் தொகை கிடைக்கவில்லை. விபத்து என்பதற்குச் சான்று இல்லை. தாயார் அதற்குள் காலமாகியிருந்தார்.

2004 ஆழிப்பேரலையில் காணாமல் போனவர்களுக்கு இந்த ஏழாண்டு விதியை அரசு தளர்த்தியது. 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போன மீனவர்களின் குடும்பங்களும் உதவிக்கு ஏழாண்டு காத்திருக்க நேரவில்லை. பலரோடு சேர்ந்து மறைந்தவனுக்குச் சலுகை உண்டு; சாதாரணமான ஓர் இரவில் தனியாக மறைந்தவனுக்கு இல்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது. அதில் இது 111ஆம் பிரிவு. ஏழு ஆண்டு அப்படியே இருக்கிறது.

காஃப்காவை இப்போதும் படிக்கிறோம். ஆனால் இந்தத் தொழிலில் எங்களுக்கு வழிகாட்டி என்று தோன்றுவது, மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றி அவர் எழுதி 1910இல் வெளியான அலுவலக அறிக்கைதான். சதுரத் தண்டு விரல்களை எப்படித் துண்டிக்கிறது, உருளைத் தண்டு எப்படிக் காப்பாற்றுகிறது என்று படங்களோடு, யாருக்கும் விளங்கும்படி சொல்லும் அறிக்கை அது. எங்கள் மூன்று வரிக் கடிதத்தில் அந்த அக்கறை இல்லை.

'காணவில்லை' கோப்பு எது வந்தாலும், பதிலின் முதல் பத்தியைத் தமிழில் எழுதுகிறோம்: அடுத்த தவணை எந்த நாள், சலுகை எந்த நாளோடு முடிகிறது, ஏன் கட்டியாக வேண்டும். அந்த அக்காவின் கேள்விக்கான பதில் அந்தப் பத்தியில் இன்னும் இல்லை.