மஃரிபுக்கு அப்புறம்

எங்கள் வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி மாடிப்படிக்கு அடியில், செருப்பு வைக்கிற பலகைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர், டியூபுலர். மொட்டைமாடியில் இரண்டு சோலார் பேனல். 2012-ல் சென்னைக்கு வெளியே நாள் முழுக்கக் கரண்ட் போய்ப்போய் வந்த காலத்தில், லப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டுக் காசு முதலில் இன்வர்ட்டராகத்தான் வீட்டுக்குள் வந்தது. பேனல் பிறகு வந்தது. குவைத்திலிருந்து லீவில் வந்த அத்தா மாட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, பூத்துப்போன டெர்மினலைத் துடைப்பது எல்லாம் அம்மாதான்.

பக்ரீத் லீவுக்கு நான் வந்தபோது பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் ஃபேன் ஓடும், அப்புறம் பீப், பீப். வெள்ளாற்றைத் தாண்டித் திட்டக்குடியில் புதுசு வாங்கி வந்தேன். ஐம்பது கிலோவுக்கு மேல். மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஸ்பேனரோடு உட்கார்ந்தேன்.

"பகல்ல அதைத் தொடக் கூடாதுன்னு உங்க அத்தா சொல்லியிருக்காங்க. மஃரிபுக்கு அப்புறம் பாத்துக்கலாம்டா."

"பன்னெண்டு வோல்ட்டும்மா. ஷாக்கே அடிக்காது."

நான் எஞ்சினியரிங் படித்தவன். சொன்னதும் பொய்யில்லை, 12 வோல்ட் காய்ந்த கைக்கு ஷாக் அடிக்காது. இன்வர்ட்டரை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன். கறுப்பு வயரைக் கழற்றினேன். சின்னதாக ஒரு பொறி. சுவரில் இருந்த சார்ஜ் கன்ட்ரோலரின் விளக்குகள் ஒருமுறை துடித்து அணைந்தன. கருகிய வாடை. எல்லாவற்றையும் அணைத்தவன் வெயிலை அணைக்கவில்லை.

பேட்டரி ஒரு தொட்டி மாதிரி. பேனலிலிருந்து வருவதை அது வாங்கிக்கொள்கிறவரை வோல்டேஜ் 13, 14-க்குள் நிற்கும். தொட்டியை எடுத்துவிட்டால் பேனல் தன் முழு வோல்டேஜை, ஏறத்தாழ 22-ஐக் காட்டும். மலிவான கன்ட்ரோலர் பல அதைத் தாங்காது. பேட்டரியை வைத்துத்தான் அது தன்னையே கட்டுப்படுத்திக்கொள்கிறது. சில கன்ட்ரோலர்கள் இது 12 வோல்ட் அமைப்பா, 24-ஆ என்று கண்டுகொள்வதும் பேட்டரியைப் பார்த்துத்தான்.

அன்று ராத்திரி கரண்ட் போனது. அம்மா விசிறியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். படுத்திருக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது: சார்ஜ் ஏறி முடிகிற நேரத்தில் இந்த வகை பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். காலையிலிருந்து சார்ஜ் ஆன பேட்டரி, மூடிய பலகைக் கதவு, நான் உண்டாக்கிய பொறி, பக்கத்தில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் முகம்.

மறுநாள் தொழுதுவிட்டு எலக்ட்ரீஷியன் மாமா வந்தார். லாரி வயரிங்கில் தொழில் கற்றவர். அவர் ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. வந்ததும் என் வாட்சைக் கழற்றச் சொன்னார். தன் மணிக்கட்டுத் தழும்பைக் காட்டினார்: சின்ன வயதில், சிவப்பு முனையில் ஸ்பேனர் இருக்க, ஸ்டீல் வாட்ச் செயின் லாரி பாடியில் பட்டிருக்கிறது. ஃபேன் அரை ஆம்பியர்கூட எடுக்காது. இது நேராக முட்டிக்கொண்டால் நூற்றுக்கணக்கில் பாயும். செயின் சிவந்து கையில் ஒட்டிக்கொண்டதாம். வண்டியில் பாடி முழுக்க நெகட்டிவ், அதனால்தான் முதலில் கறுப்பைக் கழற்ற வேண்டும். வெளிநாடுகளில் வண்டியையே வீடாக்கி ஊர் சுற்றுகிறவர்களுக்கும், கூரையில் பேனலும் சீட்டுக்கடியில் இதே மாதிரி பேட்டரியுமாக, இதே கதைதான்.

கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்தார். இருட்டிவிட்டது என்று அவரும் நம்பிவிடவில்லை. பேனல் வயரில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அதைக் கழற்றி, முனைகளில் தனித்தனியாக டேப் சுற்றினார். அப்புறம் பேட்டரியின் கறுப்பு, சிவப்பு. பழையதைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே தூக்கினோம். கீழே சிந்தியிருந்த ஆசிட் மீது அம்மா ஆப்பசோடாவைத் தூவினார். நுரைத்து அடங்கியது. புதுசுக்கு சிவப்பு முதலில், கறுப்பு பிறகு. அடுத்து புது கன்ட்ரோலருக்கு பேட்டரி வயர். பேனல் கடைசி. சிவப்பு வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். டெர்மினலில் வாசலின்.

பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் டிசி பிரேக்கர் ஒன்றையும் போட்டார். சாதாரண வீட்டு பிரேக்கர் ஆகாதா என்று கேட்டேன். வீட்டுக் கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது, அதனால் பொறி தானே அறுந்துவிடும். பேனல் கரண்ட் அப்படி விடாது, டிசிக்கென்று செய்ததுதான் வேண்டும் என்றார். இனிமேல் அவசரமென்றால் பகலிலும் அணைத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லாத வீடுகளில் பேனல் மேல் தடித்த தார்ப்பாய்.

பழைய பேட்டரியைக் கேட்டு மறுநாளே பழைய இரும்புக்காரர் வந்தார். கடையைவிட முந்நூறு ரூபாய் அதிகம் சொன்னார். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஆசிட்டை எங்கே கொட்டுவீங்க என்று அம்மா கேட்டார். அவர் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். 2022 விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர்களின் பொறுப்பு என்று நான் ஆரம்பிப்பதற்குள், அம்மா கதவைச் சாத்திவிட்டார். திட்டக்குடிக் கடைக்கே கொண்டுபோய்ப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அத்தா போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னேன், கன்ட்ரோலர் விலை உட்பட. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஏம்ப்பா, உங்கம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க அத்தா."

அம்மா பக்கத்தில் காலண்டரில் அடுத்து தண்ணீர் ஊற்ற வேண்டிய தேதியைக் குறித்துக்கொண்டிருந்தார்.