பால் பண்ணைக்குப் போற வழியில... உங்க நாய்க்குத் தடை தாண்டத் தெரியுமா?

மூலக்கடை சிக்னலைத் தாண்டி மாதவரம் பக்கம் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது லாரிகள்தான். ஆந்திராவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகிற லாரி, மணலி, எண்ணூர் பக்கம் திரும்புகிற கண்டெய்னர் ட்ரெய்லர், நடுவில் மெட்ரோ வேலைக்காக வைத்த தகரத் தடுப்பு. அதற்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது நாய்கள். குடோன் வாசலில் சங்கிலியில் ஒன்று, டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒன்று, மணல் குவியல் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பது ஒன்று.

வடசென்னையில் நாய்க்கு வேலை ஒன்றுதான்: காவல். குரைக்கணும், பயமுறுத்தணும், ராத்திரி முழிச்சிருக்கணும். அந்த நாய்க்கு ஓடத் தெரியுமா, யோசிக்கத் தெரியுமா, தன் வீட்டு மனுஷங்களோடு சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடத் தெரியுமா என்று நாம் கேட்டதே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிற விளையாட்டின் பெயர், அஜிலிட்டி.

ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். ஒரு நாய் கம்பைத் தாண்டும், குழாய்க்குள் புகுந்து வெளியே வரும், நட்டு வைத்த குச்சிகளுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து போகும். பக்கத்தில் ஒரு ஆள் கையை நீட்டியபடி மூச்சிரைக்க ஓடுவார். 'வெளிநாட்டுக்காரங்க சமாச்சாரம்' என்று தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்போம். மாதவரத்தில் கொஞ்சம் நடந்து பார்த்தால், அப்படித் தள்ளிவிட வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

விலங்குகளின் ஊர்

மெயின் ரோட்டு இரைச்சலிலிருந்து பால் பண்ணைப் பக்கம் ஒதுங்கினால் ஊரே மாறிவிடுகிறது. பெரிய பெரிய மரங்கள், ஆவின் பால் பண்ணை, கொஞ்சம் தள்ளி தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். 1989-ல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமே மாதவரம்தான். வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இதன் கீழ்தான் வருகிறது. மாடு, ஆடு, கோழி, நாய், பூனை என்று விலங்குகளைப் பற்றித் தமிழ்நாடு படிக்கிற படிப்புக்கெல்லாம் முகவரி இந்த ஊர்.

2011-ல் சென்னை மாநகராட்சியோடு மாதவரம் சேர்ந்தது. 2018-ல் ஆந்திரா பேருந்துகளுக்கான நிலையம் இங்கே வந்தது. 2022-ல் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 'நீலகிரி' என்று பெயரிட்ட சுரங்கம் தோண்டும் இயந்திரம் பால் பண்ணைப் பக்கத்திலிருந்துதான் வேலையை ஆரம்பித்தது. பூமிக்கு அடியில் ரயிலுக்கே டனல் போட்ட ஊர்தான். ஆனால் ஒரு நாய் ஓடிப் புகுந்து வர டனல் வைத்த மைதானம் எதையும் நான் பார்க்கவில்லை.

இடைவேளையில் பிறந்த விளையாட்டு

இங்கிலாந்தில் 'க்ரஃப்ட்ஸ்' என்றொரு பிரபலமான நாய்க் கண்காட்சி உண்டு. 1978-ல் அங்கே ஒரு சின்னப் பிரச்னை. பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டம் சலித்துப்போகாமல் ஏதாவது காட்ட வேண்டும். கண்காட்சிக் குழுவில் இருந்த ஜான் வார்லியும், நாய்ப் பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல்லும் சேர்ந்து, குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களுக்கு ஒரு பாதை போட்டார்கள். இடைவேளையை நிரப்பத்தான் அந்த ஏற்பாடு. கூட்டம் அதையே ரசித்துவிட்டது. இரண்டே வருடத்தில், 1980-ல், இங்கிலாந்து கென்னல் கிளப் அதை முறையான போட்டியாக அங்கீகரித்தது. சர்வதேச நாய்கள் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ 1996-ல் ஸ்விட்சர்லாந்தில் முதல் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தியது.

நமக்கும் இது முழுக்கப் புதுசில்லை. மெட்ராஸ் போலீஸில் 1951-லேயே துப்பறியும் நாய்ப் படை வந்துவிட்டது. நாட்டிலேயே அதுதான் முதல். போலீஸ் விழாக்களில் நாய் வளையம் தாண்டும்போது நாம் எல்லோருமே கை தட்டியிருக்கிறோம். ஆனால் அது டியூட்டி. அஜிலிட்டி, வீட்டு நாயும் வீட்டு ஆளும் ஆடுகிற ஆட்டம்.

ரூல்ஸ் என்ன பாஸ்?

எஃப்.சி.ஐ விதிப்படி ஒரு பாதையின் நீளத்துக்கு வரம்பு உண்டு. அதில் 15 முதல் 22 தடைகள் இருக்கும். தாண்டும் கம்புகள், டயர், டனல், ஏறி இறங்கும் கூம்புப் பலகை, உயரமான நடைபாலம், சீசா பலகை, அப்புறம் அந்தப் பிரபலமான 12 கம்புகள். கம்புக்குக் கம்பு இடைவெளி 60 செ.மீ. முதல் கம்பு நாயின் இடது தோளுக்குப் பக்கம் வரும்படிதான் உள்ளே நுழைய வேண்டும்.

கூம்புப் பலகை, நடைபாலம், சீசா மூன்றிலும் இரண்டு முனைகளிலும் வேறு நிறம் அடித்திருப்பார்கள். இறங்கும்போது நாயின் ஒரு பாதமாவது அந்த நிறத்தில் பட வேண்டும். மேலேயிருந்து அப்படியே குதித்து மூட்டைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி.

தாண்ட வேண்டிய உயரமும் நாய்க்கு நாய் மாறும். தோள் உயரம் 35 செ.மீ-க்குக் கீழே இருக்கும் குட்டி நாய்க்குக் கம்பு 25 முதல் 30 செ.மீ உயரத்தில் இருக்கும். 48 செ.மீ-யும் அதற்கு மேலும் என்றால் 55 முதல் 60 செ.மீ. பொமரேனியனும் ராஜபாளையமும் ஒரே உயரத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

மதிப்பெண் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். 160 மீட்டர் பாதைக்கு நடுவர் 40 விநாடி நேரம் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாய் 38 விநாடியில் சிட்டாகப் பறந்துவிட்டது, ஆனால் ஒரு கம்பைத் தட்டிவிட்டது. தவறு 5. இன்னொரு நாய் நிதானமாக 42 விநாடி எடுத்துக்கொண்டது, எதையும் தட்டவில்லை. கூடுதலான இரண்டு விநாடிக்குத் தவறு 2. ஜெயித்தது இரண்டாவது நாய். வேகம் முக்கியம்தான், ஆனால் சுத்தமாக ஓடுவது அதைவிட முக்கியம். தடைக்கு முன்னால் வந்து மூன்று முறை மறுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

பரீட்சை மனுஷனுக்குத்தான்!

போட்டிக்கு முன் பாதையில் நடந்து பார்க்கச் சில நிமிடங்கள் கொடுப்பார்கள். நாய் இல்லாமல், ஆள் மட்டும். எந்தத் தடைக்கு அப்புறம் எது, எங்கே இடது பக்கம் நிற்கணும், எங்கே குறுக்கே வெட்டணும் என்று அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியது மனிதர்தான். நாய்க்கு அந்தப் பாதை தெரியவே தெரியாது. கயிறு கிடையாது, கையில் பிஸ்கட் கிடையாது, தொட்டுத் தள்ளவும் கூடாது. குரல், கை, தோள், கால். இவ்வளவுதான் ஆயுதம்.

இதில் நாய் கவனிப்பது வார்த்தையை விட உடம்பைத்தான். வாய் 'டனல்' என்று சொல்லி, தோள் கம்புப் பக்கம் திரும்பியிருந்தால் நாய் கம்புக்குத்தான் போகும். தப்பு நாயுடையது இல்லை. வீட்டில் 'சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது' என்று திட்டுகிறோமே, அந்தப் புகாரைத் திருப்பிப் போடுகிற விளையாட்டு இது. நாம் என்ன சொன்னோம், உடம்பு என்ன சொன்னது என்று யோசிக்க வைக்கிறது.

சான்றிதழ் இல்லாத நாய்

வடசென்னைக்காரர்களுக்கு இங்கேதான் விஷயம். நாய்க் கண்காட்சி என்றால் வம்சாவளி முக்கியம். கோடையில் ஊட்டியில் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்துவதாக இருந்தாலும் சரி, சென்னையில் மெட்ராஸ் கெனைன் கிளப் நடத்துவதாக இருந்தாலும் சரி, இனத்துக்கான இலக்கணப்படி நாய் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எஃப்.சி.ஐ உலக சாம்பியன்ஷிப்பும் வம்சாவளிச் சான்றிதழ் கேட்கிறது. டீக்கடை பெஞ்சுக்கு அடியில் பிறந்த குட்டிக்கு அந்தக் காகிதத்தை யார் கொடுப்பார்கள்?

ஆனால் அஜிலிட்டி எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சி 2014-ல் அஜிலிட்டி போட்டியைச் சேர்த்தபோது கலப்பு நாய்களுக்கும் கதவைத் திறந்தது. 2024-ல் அந்தப் பட்டத்தை வென்றது 'நிம்பிள்' என்ற கலப்பு நாய். அந்தப் போட்டியில் ஒரு கலப்பு நாய் பட்டம் வென்றது அதுவே முதல்முறை. அதுவும் சின்ன உயரப் பிரிவில் ஓடிய குட்டி நாய். 12 கம்புக்கும் ஸ்டாப்வாட்சுக்கும் அதன் பூர்வீகம் தேவைப்படவில்லை.

நம்ம ஊர் ராஜபாளையம் 2005-ல் தபால்தலையில் இடம்பிடித்துவிட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்குப் பேர்போனவை. தெரு நாயோ லாரிக்கு நடுவில் தினமும் அஜிலிட்டி ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்கு இல்லாதது பயிற்சியும், கூட ஓட ஒரு ஆளும்தான்.

பயமும் உண்மைதான்

நாய் என்றாலே வயிற்றைக் கலக்குகிற அம்மாக்கள் இந்தத் தெருக்களில் நிறைய பேர். டியூஷன் முடிந்து வருகிற பிள்ளையை நாய் துரத்தினால் யாருக்குத்தான் பதறாது? அதை லேசாகப் பேச முடியாது. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியிருப்பதும், வெளியே கூட்டிவரும்போது கயிறு வேண்டும் என்பதும் அந்தப் பயத்துக்கான பதில்தான். வருடா வருடம் ரேபிஸ் ஊசி போடாத நாயை வைத்துக்கொண்டு விளையாட்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாயும், தினமும் அரை மணி நேரம் தன் ஆளோடு வேலை செய்து களைத்துத் தூங்குகிற நாயும் ஒன்றில்லை. கூப்பிட்டால் திரும்பி வரும், 'நில்' என்றால் நிற்கும் நாயால் தெருவுக்கும் நிம்மதி. அஜிலிட்டியின் முதல் பாடமே அதுதான். கப்பு, மெடல் எல்லாம் அப்புறம்.

ஆரம்பிக்கணும்னா...

* முதலில் கால்நடை மருத்துவர். மாதவரத்துக்காரர்களுக்கு அதற்காகத் தூரம் போக வேண்டியதில்லை. மூட்டு, எடை, இதயம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

* குட்டியைத் தாண்ட வைக்காதீர்கள். எலும்பு வளர்ந்து முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். எஃப்.சி.ஐ போட்டியில் 18 மாதம் ஆகாத நாயைச் சேர்ப்பதே இல்லை. அதுவரை தரையில் கிடக்கும் கம்பைக் கடக்கச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

* இரண்டு பக்கெட், மேலே இடித்தால் உடனே விழுகிற மாதிரி ஒரு பி.வி.சி பைப். முதல் தடை ரெடி. கம்பைக் கட்டிவைக்கக் கூடாது. விழாத கம்பு காலை உடைக்கும்.

* மொட்டைமாடி வேண்டாம். தளம் வழுக்கும், கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அவ்வளவுதான். மண்ணோ புல்லோ உள்ள, சுற்றிலும் வேலி இருக்கிற இடம்தான் சரி.

* சென்னை வெயிலில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். தரையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால், அதன் பாதத்துக்கும் முடியாது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் கவனம்.

* ஒரு தடவைக்கு பத்து நிமிடம் போதும். அது உற்சாகமாக இருக்கும்போதே நிறுத்துங்கள். சலித்துப்போன நாய் மறுநாள் வராது.

இந்திய கென்னல் கிளப்பின் தலைமை அலுவலகம் இருப்பது சென்னையில். கால்நடைப் பல்கலைக்கழகம் இருப்பது மாதவரத்தில். காவல்துறை நாய்ப் படைக்கு எழுபது வருடத்துக்கும் மேலான அனுபவம் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே நகரத்தில்தான் இருக்கிறார்கள். மாதவரம் மண்டலத்தில் வேலி போட்ட ஒரு மைதான மூலை, ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், உரிமமும் ஊசிச் சீட்டும் காட்டினால் அனுமதி. இதற்குக் கோடிக்கணக்கில் செலவாகாது.

அப்படியொரு ஞாயிறு வந்தால், வரிசையில் லேப்ரடாருக்குப் பின்னால் ஒரு குடோன் நாயும் நிற்கும். அது எந்த இனம் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. எத்தனை விநாடி என்றுதான் கேட்பார்கள்.