ஜீப்புக்கு விளக்கு வைத்தல்

கதையும் கவிதையும் பேசுகிற நண்பர்கள் நடுவே ரிலே, ஃபியூஸ் என்று ஆரம்பித்தால் முகம் சுளிப்பார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் சென்ற காப்பிப் பருவத்தில் நாங்கள் மூன்று பேரும், அதாவது அண்ணன் தம்பி தங்கை மூவரும், புத்தகங்களைக் காட்டிலும் அதிகமாக வாசித்தது ஒரு பழைய ஜீப்பின் வயரிங்கைத்தான். எழுதியவர் யாரென்று தெரியாத, நடுவே பல கைகள் புகுந்து திருத்திய பிரதி அது.

தாண்டிக்குடிப் பக்கம், கீழ்ப்பழனி மலையில் எங்கள் தோட்டம். சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரங்களைப் பற்றி ஏறும் மிளகு, இடையிடையே மலைவாழை. தார்ச்சாலையிலிருந்து 6 கிலோமீட்டர் உள்ளே, பாறையும் சேறுமான பாதை. காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே பல்ப்பரில் போட்டுத் தோலுரித்தாக வேண்டும். மூட்டையில் கிடந்தால் புளித்துவிடும், விலை போகாது. எடை போட்டு மூட்டை ஏற்றுவதற்குள் இருட்டிவிடும். பழம் எடுக்கும் காலமோ வடகிழக்குப் பருவமழைக் காலம். மாலை ஐந்து மணிக்கே மூடுபனி கீழே இறங்கிவிடும். வளைவைத் தாண்டினால் காட்டுமாடு நிற்கும்.

அப்பாதான் ஓட்டுவார். வயது 72. மகேந்திராவின் பழைய சேசிஸ், பெஜோ டீசல் எஞ்சின், வத்தலக்குண்டுப் பட்டறையில் அவரே நின்று தகடு வெட்டிக் கட்டிய பாடி என்று அந்த வண்டியின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கம்பெனி செய்ததில் பாதி, அப்பா செய்ததில் பாதி என்பார் அம்மா. அந்த வருடம் பருவம் தொடங்கும் முன்பே அப்பா சொன்னார்: "லைட்டு பத்தலைப்பா. மேல ரெண்டு பெரிய லைட்டா போட்டுருங்க."

லைட்டுதான் பத்தவில்லையா என்ற கேள்வி எங்கள் மூவர் மனத்திலும் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. விளக்கு மாட்டுவது எளிது, அந்தக் கேள்வியைக் கேட்பது அப்படியல்ல.

டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் எத்தனை காலம் எதன் மீது உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தோம் என்பது புரிந்தது. எப்போதோ யாரோ ஒருவர் கூடுதல் விளக்குக்காகப் பாட்டரியிலிருந்து நேராக ஒரு மெல்லிய வயரை ஸ்விட்சுக்கு இழுத்திருந்தார். நடுவில் ஃபியூஸ் கிடையாது. எஞ்சின் அறைத் தகட்டில் துளை போட்டவர் அதில் ரப்பர் புஷ் வைக்கவில்லை. வண்டி குலுங்கிக் குலுங்கித் தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்து, உள்ளே தாமிரம் பச்சை பூத்திருந்தது. இரண்டு விரற்கடை தள்ளி டீசல் குழாய். ஃபியூஸ் இல்லாத வயர் தகட்டைத் தொட்டால் பாட்டரியின் முழு வலுவும் அதன் வழியே பாயும். வயர் கணப்பு போலச் சிவக்கும். தங்கை அதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவே இல்லை.

மீட்டரை வைத்து அளந்தோம். எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 13.8 வோல்ட். பழைய விளக்கின் முனையில் 11.2. மீதி வழியிலேயே, மெல்லிய வயரிலும் துருப்பிடித்த இணைப்புகளிலும், சூடாகக் கரைந்து போயிருந்தது. ஹாலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு: மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். ஆக, பாதிக்குப் பாதி வெளிச்சத்தில்தான் அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். லைட்டு பத்தலை என்றது பொய்யில்லை. எங்களுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. ஒருவேளை கோளாறு முழுவதும் வயரில்தானோ!

ரிலே என்பதை இப்படிச் சொல்லலாம். பெரிய மின்னோட்டம் ஸ்விட்ச் வரை வந்து போக வேண்டியதில்லை. ஸ்விட்ச் சின்னதாக ஒரு ஆணை மட்டும் அனுப்பும். ரிலேக்குள் இருக்கும் சுருள் காந்தமாகி, பாட்டரிக்கும் விளக்குக்கும் இடையே கதவைத் திறந்துவிடும். அதன் கால்களில் உள்ள எண்கள் ஜெர்மானியத் தர வரிசையிலிருந்து வந்தவை. 30 பாட்டரிக்கு, 87 விளக்குக்கு, 85-ம் 86-ம் சுருளுக்கு. எந்த ஊர்ப் பட்டறையிலும் இதே எண்கள்தான். வத்தலக்குண்டு எலக்ட்ரீஷியன் பெரியவர் எந்தப் படத்தையும் பாராமல் விரலால் தடவியே எது 87 என்று சொல்லிவிடுகிறார். இலக்கணம் நாவில் ஏறிப்போனவர்கள் புணர்ச்சி விதியை நினைத்துப் பார்த்தா பேசுகிறார்கள்?

இரண்டு 55 வாட் பல்புகள் என்றால் 110 வாட். ஒன்பது ஆம்பியருக்குச் சற்று மேல். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். எர்த்துக்குப் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டி, பல்வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். விளக்கு எரியவில்லை என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் முக்கால்வாசிக்கு எர்த்துதான் காரணம் என்பது பெரியவரின் கணக்கு.

விளக்கை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. அப்பாவுக்கு மேலே, இரும்பு வளைவின் உச்சியில் வேண்டும். பனியில் உயரத்து வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்வாக, அகலமாக, தரையோடு படர்கிற விளக்குதான் பனிக்கு உதவும். கடைசியில் மேலே ஒரு ஜோடி, பம்பரில் மஞ்சள் ஃபாக் லைட் ஒரு ஜோடி, இரண்டுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ் என்று முடிவாயிற்று. மேல் ஜோடிக்கான ஆணையை பிரைட் வயரிலிருந்து எடுத்தோம். எதிரே ஆள் வந்து டிம் செய்தால் தானாகவே அணைந்துவிடும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. மேல் விளக்குகள் தோட்டப் பாதைக்கு மட்டுமே. தார்ச்சாலை வந்தால் உறை போட்டு மூடிவிடுவது என்று ஏற்பாடு.

முடித்த அன்று விளக்கின் முனையில் 13.5 வோல்ட். பகல் போல வெளிச்சம். அப்பா குழந்தை மாதிரி நான்கைந்து முறை போட்டு அணைத்துப் பார்த்தார்.

அன்று இரவே மூட்டைகளோடு கிளம்பினோம். முதல் இரண்டு கிலோமீட்டர் அப்பா ஏதேதோ பழங்கதை பேசிக்கொண்டு வந்தார். ஓடையைத் தாண்டியதும் பனி வந்தது. பேச்சு நின்றது. மேல் விளக்கை அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். மஞ்சள் வெளிச்சத்தில் எங்களுக்குப் பாதையின் இரு ஓரமும் தெளிவாகத் தெரிந்தன. சில்வர் ஓக் மரம் ஒன்றின் அடியில் வண்டியை நிறுத்தினார்.

"எல்லாம் பூத்துப் பூத்துத் தெரியுது. லைட்டச் சுத்தி ஒரே வட்டம் வட்டமா."

யாரும் பதில் சொல்லவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்புரை விழுந்த கண்ணில் வெளிச்சம் உள்ளே போய்ச் சிதறும். விளக்கைக் கூட்டக் கூட்டச் சிதறலும் கூடும். இதை நாங்கள் யாரும் அப்போது விளக்கப் போகவில்லை. அவரே இறங்கினார். பானெட்டில் கையை ஊன்றி முன்புறமாகச் சுற்றி வந்தார். மஞ்சள் வெளிச்சம் அவருடைய வேட்டியில் விழுந்து நகர்ந்தது. இடது பக்கம் வந்து நின்று, "தள்ளி உட்காருப்பா. நீ எடு" என்றார்.

வீடு சேரும் வரை இடது இருக்கையிலிருந்து பாதை சொல்லிக்கொண்டே வந்தார். பாறை எங்கே, பள்ளம் எங்கே, எந்த வளைவில் காட்டுமாடு படுத்திருக்கும் என்று ஒன்றும் தப்பவில்லை. மதுரைக்குக் கண்ணைக் காட்டப் போகலாம் என்று அம்மா சொன்னபோது, "பழம் எடுத்து முடியட்டும்" என்றார். இந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

மறுநாள் காலை ஸ்பேனரோடு வந்து நின்றார். ஃபாக் லைட் ஸ்விட்சை டாஷ்போர்டின் இடது கோடிக்கு மாற்ற வேண்டுமாம். ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கைப் பார்க்கட்டும், பனி வருவது எனக்குத் தெரியும், லைட்டை நான் போட்டுக்கொள்கிறேன் என்றார். ஸ்விட்ச் வழியே போவது கால் ஆம்பியர்கூட இல்லை. மெல்லிய வயர் போதும். இரண்டடி வெட்டி நீட்டிக் கொடுத்தோம்.