கூட்டம் கலைந்த பிறகு வரும் ஆதரவு

ஜூலை 19, ஞாயிறு

அம்மன் கோயில் திடலில் ஆடித் திருவிழா வரிக் கூட்டம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வாசித்து முடித்தார்கள். எல்லோரும் எழுந்துகொள்ளும் நேரத்தில் எதிர்வீட்டு அக்கா, "போன வருஷ வரவு செலவையும் வாசிச்சிட்டா நல்லாருக்கும்" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. "அம்மன் காரியத்துல கணக்குக் கேக்குற காலமாப் போச்சு" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். கணக்கு இருக்கிறதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் வரவில்லை. "நானும் அதைத்தான் கேக்குறேன்" என்று நானும் எழுந்தேன். "டீச்சருமா!" என்று ஒரு சிரிப்பு. ஐம்பது அறுபது பேர் இருந்தும் வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஜூலை 20

காலையில் பால் வாங்கப் போன இடத்தில் ஆளாளுக்கு என்னை ஓரமாக நிறுத்தி, "அக்கா கேட்டது நியாயம்தான் டீச்சர்" என்கிறார்கள். நேற்று திடலில் உட்கார்ந்திருந்த அதே முகங்கள். ஒருத்தி மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னாள்: "எங்க வரியை வாங்க மாட்டோம்னு சொல்லிட்டா? தையில மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்."

பட்டணத்துக்காரர்களுக்கு இது விளங்காது. ஒரு வீட்டின் வரியை வாங்க மறுத்தால் அந்த வீடு ஊரிலேயே இல்லை என்று அர்த்தம். மண்டகப்படி கிடையாது, நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. அவளைக் கோழை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஜூலை 22

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு நாள்; 1968இல் இறந்தார். 30ஆம் தேதி அவர் பிறந்த நாளுக்குப் பள்ளியில் பேச அழைத்திருக்கிறார்கள். குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன்.

எங்கள் புதுக்கோட்டைக்காரர். 1886இல் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு வந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1912இல் டாக்டர். பிறகு சென்னைச் சட்டமன்றத்தில் துணைத் தலைவர். இந்த 'முதல் பெண்' பட்டியலை மேடைக்கு மேடை கேட்டாயிற்று. எனக்கு வேண்டியது அவர் தேவதாசி முறையை ஒழிக்கக் கிளம்பிய பிறகு நடந்தது.

சபைக்குள் எதிர்த்தவர்களில் சத்தியமூர்த்தி ஒருவர். வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிறை சென்றவர், இந்த விஷயத்தில் பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார். ஒன்றில் புரட்சி பேசுகிறவர் எல்லாவற்றிலும் பேசுவார் என்று நம்புவது நம் தவறு.

ஜூலை 24, ஆடி வெள்ளி

கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வருஷா வருஷம் அக்கா வீட்டிலிருந்துதான் கேப்பை மாவு போகும். இந்த வருஷம் யாரும் வந்து கேட்கவில்லை. அரைத்து வைத்த மாவு தூக்குவாளியோடு அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது.

மாலையில் மறுபடி குறிப்பு. முத்துலட்சுமியை எதிர்த்துத் தேவதாசிப் பெண்களே சங்கம் கூட்டி அரசுக்கு மனுப் போட்டார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாளும் அந்தப் பக்கம். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே நாகரத்தினம்மாள். முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாளும் அந்த மரபில் வந்தவர்தான். சொந்த மரபுப் பெண்களே எதிரே நின்றது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் அந்தப் பெண்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மகளுக்குச் சொத்து, கையில் கலை, கோயிலில் மரியாதை. இவ்வளவையும் விட்டுவிட்டு எங்கே போவது? எங்கள் எல்லோரையும் ஒரே வசைச்சொல்லால் அழைப்பது என்ன நியாயம்?

முத்துலட்சுமியின் சாமர்த்தியம் 1929 சட்டத் திருத்தத்தில் இருக்கிறது. கோயில் ஊழியத்துக்காகக் கொடுத்த மானிய நிலம், ஊழியத்தை விட்டால் கைவிட்டுப் போகும் என்ற கட்டு இருந்தது. அந்தக் கட்டைத் திருத்தம் அறுத்தது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே. உபதேசத்துக்கு அசையாதவர்களையும் இந்த ஒரு ஷரத்து யோசிக்க வைத்திருக்கும். வெளியே வருவதற்கான விலையைக் குறைக்காமல் 'வெளியே வா' என்று கூப்பிடுவதில் என்ன இருக்கிறது?

ஜூலை 26

மகள் போன். கல்லூரியில் மனோதத்துவம் நடத்துகிறவள். அக்கா விஷயத்தைச் சொன்னதும் சாலமன் ஆஷ் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் 1950களின் சோதனையை எடுத்துவிட்டாள். அட்டையில் கோடுகள், எது சம நீளம் என்று சொல்ல வேண்டும். கூட இருப்பவர்கள் பேசிவைத்துக்கொண்டு தப்பாகச் சொல்ல, நடுவில் மாட்டிய ஆள் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை அவர்களோடு சேர்ந்து தப்பாகவே சொன்னானாம். சரியாகச் சொல்லும் ஆள் இன்னும் ஒருவர் அறையில் இருந்தால் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறதாம்.

நல்லதுதான். ஆனால் கோட்டைப் பற்றி உண்மை சொன்னால் மகள் கல்யாணம் நிற்காதே அம்மா, என்றேன். சிரித்தாள்.

ஜூலை 30

பேச்சு முடிந்தது. முத்துலட்சுமியின் தேவதாசி முறைத் தடை மசோதா 1930இலேயே முன்வைக்கப்பட்டது. காந்தி கைதானதைக் கண்டித்து அந்த ஆண்டு அவர் பதவியை விட்டார். சட்டம் நிறைவேறியது 1947இல், ஓமந்தூரார் ஆட்சியில். இடையில் 17 ஆண்டு. அவ்வை இல்லத்தையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் உண்டாக்கியவர் என்பதால் முத்துலட்சுமியை எளிதில் கொண்டாடிவிடுகிறோம் என்றும் சொன்னேன்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். "அவங்க பேர்ல மாசம் ஆயிரம் ரூபாய் திட்டம்!" என்று பின் வரிசையிலிருந்து குரல். அதே மரபில் பிறந்து, தெருத்தெருவாக அந்த முறைக்கு எதிராகப் பேசி, 1936இல் நாவலும் எழுதிய பெண் அவர் என்றதும் பிள்ளைகள் அமைதியானார்கள். ஒருத்தி எழுந்து, "அப்ப டாக்டரம்மாவை எதிர்த்த பொம்பளைங்க கெட்டவங்களா டீச்சர்?" என்றாள். இல்லை, பயந்தவர்கள், பயத்துக்குக் காரணமும் இருந்தது என்றேன்.

சாயங்காலம் அக்காவும் நானும் கமிட்டிக்கு ஒரு தாள் எழுதினோம். முதல் வரி: கணக்குக் கேட்டதற்காக எந்த வீட்டு வரியையும் மறுக்கக் கூடாது. கணக்கு வேண்டும் என்பது இரண்டாவது வரி. தையில் கல்யாணம் வைத்திருப்பவள் முதல் வரிக்கு மட்டும் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டாள். போடச் சொன்னோம். அடுத்த கூட்டம் ஆகஸ்ட் 2.