முந்தானையில் வந்த இலை

எங்கள் வீட்டுக் கிணற்றடியில், துணி துவைக்கும் கல்லுக்கு அருகே, வாய் உடைந்த மண்தொட்டி ஒன்று இருந்தது. அதில் வளர்ந்த செடி பார்வைக்கு அழகற்றது. தண்டு எது, இலை எது என்று பிரித்தறிய இயலாதபடி பட்டையாக நீண்டு, தன் எடையைத் தானே தாங்க மாட்டாமல், தேங்காய் நார்க் கயிற்றில் கட்டுண்டு நிற்கும். ஆண்டு முழுவதும் அதை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆடி மாதத்தில் ஏதோ ஓர் இரவு மட்டும் தெருவே அதைக் காண வரும்.

நிஷாகந்தி என்பது அதன் பெயர். பிரம்ம கமலம் என்று அழைப்போரும் பலர். உண்மையான பிரம்ம கமலம் இமயத்தின் உயர்ந்த சரிவுகளில் பூப்பது, உத்தராகண்ட் மாநிலத்தின் மலர். அதற்கும் இதற்கும் எவ்வித உறவும் இல்லை. இலங்கையில் இதனைக் கடுபுல் என்பர். எங்கள் அம்மாவோ 'பெத்லகேம் பூ' என்றே சொல்வார். மலர்ந்த பூவினுள் அரிக்கேன் விளக்கை நீட்டி, நடுவில் நட்சத்திரம்போல் விரிந்திருக்கும் சூல்முடியைக் காட்டி, "இதுதான் மூணு ராசாக்களும் பார்த்த வெள்ளி, கீழே தெரியுது பார் மாட்டுக் கொட்டில்" என்பார். அடுத்த வீட்டு ஆச்சி அதே பூவில் பள்ளிகொண்ட பெருமாளையும் அவர் தலைமேல் குடைவிரித்த நாகத்தையும் காண்பார். ஒரே விளக்கின் ஒளியில் குனிந்து நின்ற அவ்விருவரும் ஒருநாளும் இதுபற்றி வாதிட்டதாக எனக்கு நினைவில்லை. இறையியல் படித்தவர்கள் எவரும் அருகில் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

இச்செடி கள்ளி இனத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் தெற்கு மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் ஆகும். அங்குள்ள காடுகளில் மரங்களின்மேல் தொற்றி வாழும். நாம் இலை என்று கருதுவது உண்மையில் தட்டையான தண்டே. அதன் ஓரத்துப் பள்ளங்களிலிருந்துதான் அரும்பு தோன்றும். இருட்டிய பின் இதழ்கள் விரியத் தொடங்கி, நள்ளிரவில் முழுமையாக மலர்ந்து, விடியுமுன் தலைகவிழ்ந்துவிடும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காக ஏற்பட்ட மணமும் வெண்மையும் நம் கிணற்றடியில் மனிதரைக் கூட்டி வைத்தன.

நம் வீடுகளில் இது பரவுவது விதையால் அன்று. ஒரு துண்டை வெட்டி ஊன்றுவதால்தான். கற்பூரவல்லியும் பிரண்டையும் வெற்றிலைக் கொடியும் அவ்வாறே வீடுவீடாகச் செல்கின்றன. மணிபிளாண்ட் மட்டும் திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று நம்புகிறார்கள். பங்கு இல்லத்து வாசலில் இருந்த கொடி அடிக்கடி குறைந்துபோவதன் காரணம் எனக்குத் தெரியும். இது ஏழாம் கட்டளைக்கு உட்பட்டதா என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான். பாடவேளை முடிந்துவிட்டதாகச் சொல்லித் தப்பினேன்.

வெட்டி ஊன்றி வளர்வதில் ஒரு விந்தை உண்டு. தாய் தன் மகளுக்குக் கொடுக்கும் துண்டு அச்செடியின் பிள்ளை அன்று; அதே செடிதான். 1960களில் மணமாகி வந்தபோது என் அம்மா கொண்டுவந்தது, அம்மாயி வீட்டுச் செடியின் மறுபாதி. ஓர் உயிர் இரண்டு ஊர்களில் இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

தொட்டியில் வாழும் செடிக்கு எத்தனை ஆண்டு ஆயுள்? இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தில் ஒரு சைக்கஸ் இனச் செடி இருக்கிறது. பிரான்சிஸ் மேசன் என்பவர் தென்னாப்பிரிக்காவில் சேகரித்த அது 1775ஆம் ஆண்டு கியூவை அடைந்தது. உலகின் மிக முதிய தொட்டிச் செடி என்று அதனைக் குறிப்பிடுகின்றனர். ஆயினும் என் மனத்தை அதிகம் தொட்டது அதன் உறவினமான வேறொரு செடி. 1895இல் ஜான் மெட்லி வுட் என்ற தாவரவியலார் தென்னாப்பிரிக்காவின் இங்கோயே காட்டில் ஒரே ஓர் ஆண் செடியைக் கண்டார். அதற்குப் பெண் செடி இதுவரை எங்கும் அகப்படவில்லை. இன்று அக்காட்டில் அது இல்லை. ஆனால் உலகின் பல தோட்டங்களில் வாழ்கிறது. யாவும் அந்த ஒன்றிலிருந்து பிரித்து நட்ட பக்கக் கன்றுகள். மணத்துறவு பூண்ட எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பாசம் ஏற்பட்டதை வாசக அன்பர்கள் மன்னிப்பார்களாக.

அம்மா 2009ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அடக்கம் முடிந்த முப்பதாம் நாளே வீட்டைப் பற்றிய பேச்சு எழுந்தது. அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்டனர். வீடு பூட்டப்பட்டது. தங்கை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தச் செடியில் ஒரு துண்டு. "பாகப்பிரிவினை முடியுற வரைக்கும் வீட்டுல ஒரு துரும்பையும் எடுக்கக்கூடாது" என்றார் அண்ணன். திறவுகோல் என்னிடம் இருந்தது. ஒரு பிற்பகல் சென்று வெட்டிவந்து கொடுத்திருக்கலாம். யாரும் அறிந்திருக்கப் போவதில்லை. நானோ, நடுநிலை தவறிவிடக்கூடாது என்று எண்ணி, "செடிதானே அம்மா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டேன். பங்கில் எத்தனையோ குடும்பங்களின் பாகப் பிணக்குகளைத் திண்ணையில் அமர்ந்து தீர்த்துவைத்தவன் நான். மூன்றாம் கோடையில் கதவைத் திறந்தபோது தொட்டியில் சுண்ணாம்பு நிறத்தில் நான்கு பட்டைகள் கிடந்தன.

குருமடத்தில் கற்ற ஒரு செய்தி அன்று நினைவுக்கு வந்தது. திருமரபு என்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வேர்ப்பொருள் 'கையளித்தல்' என்பது. ஆனால் நற்செய்தியைக் கையளிப்பதற்கும் யூதாசு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்ததற்கும் கிரேக்க மூலத்தில் வினைச்சொல் ஒன்றே. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், ஆண்டவரின் விருந்தைப் பற்றிய பகுதியில், ஒரே வசனத்தில் அச்சொல் இரு பொருளிலும் வருகிறது. தேர்வில் இதற்கு நல்ல மதிப்பெண் பெற்றேன். கையில் கொடுக்காமலே ஒன்றைக் காட்டிக்கொடுக்க முடியும் என்பது வினாத்தாளில் இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. அடுத்த சில மணி நேரத்தில் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பகுதிகளின் செம்மண் தோட்டங்களில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தாத்தா நட்ட பலாவில் பேரன் படிப்பைப் பார்த்துவந்த வீடுகள் அவை. சாலையில் கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, உபதேசியாரும் நானும் அரிசி மூட்டையுடன் ஒவ்வொரு சிற்றூராகச் சென்றோம்.

ஓடு முழுவதும் பறந்துபோன ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு மூதாட்டி குந்தியிருந்தார். முன்னே உடைந்த சிமெண்டுத் தொட்டி. சேற்றில் பட்டை பட்டையாகச் சிதறிய தண்டுகள். அவற்றைக் கழுவி, அருவாமனையில் துண்டு போட்டு, ஓலைமேல் வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தார். நான் நின்றதைக் கண்டு நிமிர்ந்தவர், ஊரையும் அம்மாவின் பெயரையும் கேட்டார். சொன்னேன்.

"அட, அந்த அக்கா மகனா நீங்க? சாமி, இது உங்க அம்மா குடுத்தது. நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வாரப்ப ஒரு எல கேட்டேன். முந்தானையில சுருட்டிக் கொண்டாந்தேன். தென்ன அம்பதும் போச்சு. இது போகல."

என்னால் உடனே பேச இயலவில்லை. அவர் கேட்காமலே மூன்று துண்டுகளை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினார். "ஒடனே நட்டுறாதீங்க. வெட்டுவாய் காயணும். நெழல்ல நாலு நாள் போடுங்க. பச்சையா நட்டா அழுகிப்போகும்" என்றார். அரிசி கொண்டுசென்றவன் செடி வாங்கித் திரும்பினேன்.

ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தேன். செய்தித்தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள், வெகுநேரம் வரவில்லை. இன்னொன்றை அண்ணனிடம் கொடுத்து, மூதாட்டி சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணன் யார் சொல்லையும் கேட்டு வழக்கமில்லை. அன்று மாலையே நட்டு, இருவேளையும் நீர் ஊற்றி, மூன்று வாரத்தில் அழுகவிட்டார். அதை என்னிடம் மறைத்தார்.

தங்கை வீட்டுச் செடி 2021 ஆடியில் இரண்டு பூக்கள் விட்டது. அதற்குச் சில நாட்கள் கழித்து அண்ணன் அவளை அலைபேசியில் அழைத்திருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளில் முதல் அழைப்பு. நலம் விசாரிக்கவில்லை, வீட்டைப் பற்றியும் பேசவில்லை. "ஏம்மா, அதுல ஒரு துண்டு கெடைக்குமா?" என்பது மட்டும்தான். அவள் பேருந்தேறிச் சென்று கொடுத்துவந்தாள். பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை; வழக்குரைஞர் இருவரும் நலமாக இருக்கிறார்கள்.

மூன்றாவது துண்டு என்னுடன் இருக்கிறது. வரும் மே மாதம் எனக்கு இடமாற்றம் இருக்கலாம் என்கிறார்கள். இத்தொட்டி இப்போது இரண்டு ஆள் தூக்கும் எடை. புதிய பங்கில் நிழல் உண்டோ இல்லையோ. நேற்று உபதேசியாரின் மகள் வந்து, தைமாதம் தனக்குத் திருமணம் என்றும் ஓர் இலை வேண்டும் என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். நல்ல தடித்த தண்டாகப் பார்த்து வெட்டினேன். சன்னல் திட்டில், பழைய செய்தித்தாளின்மேல், வெட்டுவாய் காய்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் மூன்று நாள் ஆகும்.